சட்டாம்பிள்ளையும் கடைசிக் குழந்தையும்: வயது கலந்த வகுப்பறையின் வரலாறு

ஐந்து வயதுக் குழந்தையையும் பத்து வயதுச் சிறுமியையும் ஒரே அறையில் உட்காரவைத்துப் பாடம் நடத்துவதற்குக் கல்வியியலில் இன்று மரியாதையான பெயர்கள் உண்டு. பல்வகுப்புக் கற்பித்தல் என்பார்கள், சக மாணவர் கற்றல் என்பார்கள். நம் தெருக்களில் அம்பேத்கர் படத்தை மாட்டி மாலை நேரப் படிப்பகம் நடத்தும் தோழர்களுக்கு இது புத்தகத்தில் படித்த கோட்பாடு அல்ல, தினசரி வேலை. ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஒரே பாயில் உட்கார்ந்திருப்பார்கள். பெரியவர்கள் வீட்டுப்பாடம் எழுதுவார்கள். சின்னதுகள் பலப்பத்தைக் கடித்துக்கொண்டு வேடிக்கை பார்க்கும். யாரை எப்படிக் கவனிப்பது என்று தெரியாமல் தோழர் திணறுவார்.

இந்த வகுப்பறைக்கு நீண்ட வரலாறு உண்டு. அதில் ஒரு முக்கியமான கட்டம் சென்னை எழும்பூரில் நடந்தது. உலகம் முழுக்கப் பரவிய ஒரு பள்ளி முறைக்கு 'மெட்ராஸ் முறை' என்றே பெயர் இருந்தது. அந்தப் பெருமையைப் பாடப் புத்தகங்கள் சொல்லும். அதே வகுப்பறையில் மிகச் சிறிய குழந்தையின் பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள், யார் உட்காரவே முடியவில்லை என்பதை நாம்தான் கேட்க வேண்டும்.

மணலில் எழுதிய விரல்

1623-இல் பியத்ரோ தெல்லா வாலே என்ற இத்தாலியப் பயணி இன்றைய கர்நாடகத்தில் உள்ள இக்கேரிக்கு வந்தார். ஒரு கோயில் முகப்பில் நான்கு சிறுவர்கள் உட்கார்ந்து கணக்குப் படிப்பதைப் பார்த்தார். ஆசிரியர் யாரும் இல்லை. ஒருவன் ராகம் போட்டுச் சொல்லியபடி தரையில் பரப்பிய மெல்லிய மணலில் விரலால் எழுதுவான். மற்றவர்கள் அதையே சொல்லி எழுதுவார்கள். இடம் நிரம்பியதும் அழித்துவிட்டுப் புதிதாக மணல் தூவிக்கொள்வார்கள். யாராவது மறந்துவிட்டால் யார் திருத்துவது என்று பயணி கேட்டிருக்கிறார். நான்கு பேரும் ஒரே நேரத்தில் மறக்க வாய்ப்பில்லை என்று பையன்கள் பதில் சொல்லியிருக்கிறார்கள்.

தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளியும் இதே அடிப்படையில்தான் நடந்தது. வயதுக்கு ஒரு வகுப்பு என்ற பேச்சே அங்கு கிடையாது. ஐந்து வயதுப் பிள்ளை அரிச்சுவடியை மணலில் எழுதும். கொஞ்சம் தேறியவன் ஓலையும் எழுத்தாணியும் பிடிப்பான். அதற்கு மேல் போனவன் எண்சுவடியை மனப்பாடமாக ஒப்பிப்பான். எல்லோரும் ஒரே திண்ணையில் இருந்தார்கள். அவரவர் எங்கே நிற்கிறார் என்பதைப் பிறந்த தேதி தீர்மானிக்கவில்லை, படித்த பாடம் தீர்மானித்தது. ஆசிரியர் பெரிய பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார், பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். இந்த ஏற்பாட்டில் ஆசிரியருக்கு அடுத்த இடத்தில் இருந்தவன்தான் சட்டாம்பிள்ளை.

1823-இல் பெல்லாரி கலெக்டர் ஏ.டி. கேம்பெல் தம் மாவட்டப் பள்ளிகளைப் பற்றி அரசுக்கு விரிவான அறிக்கை அனுப்பினார். தேறிய மாணவர்கள் தேறாதவர்களுக்குக் கற்பிப்பதையும், அப்படிக் கற்பிக்கும்போது தாங்கள் படித்ததையே உறுதிப்படுத்திக்கொள்வதையும் அவர் பாராட்டினார். அதே அறிக்கையில் வேறொன்றும் இருக்கிறது. காலையில் முதலில் வரும் பிள்ளையின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயரை எழுதுவார்கள். இரண்டாவது வருபவனுக்கு ஒரு சுழி. மூன்றாவது வருபவனுக்கு ஓர் அடி, நான்காவது வருபவனுக்கு இரண்டு அடி என்று பிரம்படி ஏறிக்கொண்டே போகும். பாடம் படிக்காதவனைக் கைகளைக் கட்டிக் கூரையில் தொங்கவிடுவதும் உண்டு. தமிழில் இதைக் கோதண்டம் போடுவது என்பார்கள்.

இந்தக் கணக்கில் அதிக அடி வாங்கக்கூடியவன் யார் என்று யோசியுங்கள். இருட்டோடு எழுந்து தானாகக் கிளம்பி வர முடியாதவன், அதாவது இருப்பவர்களிலேயே சின்னவன். உ.வே. சாமிநாதையர் 'என் சரித்திரம்' நூலில் தம் காலத்துச் சட்டாம்பிள்ளையைப் பற்றி எழுதியிருக்கிறார். பிள்ளைகள் அவனுக்குப் பயந்து நடந்தார்கள், தின்பண்டம் கொடுத்து அவன் தயவைத் தேடினார்கள். சின்னப் பிள்ளைக்குச் சட்டாம்பிள்ளை ஆசானாகவும் இருக்கலாம், கங்காணியாகவும் இருக்கலாம். எதுவாக இருப்பான் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

எழும்பூரிலிருந்து லண்டனுக்கு

ஆண்ட்ரு பெல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரைச் சேர்ந்த பாதிரியார். 1789-இல் எழும்பூரில் இருந்த ஆண்பிள்ளைகள் அநாதை இல்லத்தின் பொறுப்பை ஏற்றார். கம்பெனிப் படையின் ஐரோப்பியச் சிப்பாய்களுக்கும் இந்தியத் தாய்மார்களுக்கும் பிறந்த பையன்களுக்கான இல்லம் அது. ஒருநாள் வெளியே போனபோது உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் சிறுவர்கள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். தம் பள்ளியின் கடைநிலை வகுப்பில் அதைக் கொண்டுவரச் சொன்னார். அங்கிருந்த ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. ஆகவே ஜான் ஃபிரிஸ்கின் என்ற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டு, சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் வேலையை ஒப்படைத்தார். அவன் ஒரு சாதாரணச் சிப்பாயின் மகன். பெரியவர்கள் முடியாது என்ற வேலையை எட்டு வயதுப் பையன் செய்து காட்டினான்.

பெல் 1796-இல் ஊர் திரும்பினார். 1797-இல் தம் சோதனையைப் பற்றி லண்டனில் சிறு நூல் வெளியிட்டார். அதே காலத்தில் ஜோசப் லங்காஸ்டர் லண்டன் சவுத்வர்க் பகுதியில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி தொடங்கி இதேபோன்ற முறையைப் பெரிய அளவில் நடத்தினார். ஒரு கூடம், ஓர் ஆசிரியர், நூற்றுக்கணக்கான பிள்ளைகள், அவர்களை மேய்க்கப் பெரிய பையன்கள் என்பது அதன் அமைப்பு. 1811-இல் இங்கிலாந்துத் திருச்சபையின் தேசியச் சங்கம் பெல்லின் முறையைத் தன் பள்ளிகளுக்கு எடுத்துக்கொண்டது. அங்கிருந்து அது பல நாடுகளுக்குப் போனது. பெல் பிறந்த ஊரில் அவருடைய பணத்தில் உருவான பள்ளிக்கு 'மெட்ராஸ் கல்லூரி' என்ற பெயர் இன்றும் இருக்கிறது.

ஆனால் லண்டனில் இந்த முறை யாருக்காக எடுத்துக்கொள்ளப்பட்டது? ஆலைத் தொழிலாளிகளின் குழந்தைகளுக்கு. காரணம், செலவு குறைவு. ஏழைப் பிள்ளைகளுக்கு அதிகம் படிப்புக் கொடுத்தால் அன்றாட உழைப்புக்கென்று விதிக்கப்பட்டவர்கள் தங்கள் நிலைமையில் அதிருப்தி அடைவார்கள் என்று பெல்லே எச்சரித்து எழுதினார். லங்காஸ்டர் பள்ளிகளில் பிரம்படி இல்லை என்று பெருமை பேசினார்கள். அதற்குப் பதிலாகப் பிள்ளையின் கழுத்தில் மரக்கட்டையை மாட்டினார்கள், கூடையில் உட்காரவைத்துக் கூரையில் தொங்கவிட்டார்கள். நம்மூர்க் கோதண்டத்துக்கு அது ஒன்றுவிட்ட சகோதரன்.

பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது அருமையான விஷயம்தான். அதை ஆசிரியருக்குச் சம்பளம் கொடுக்காமல் தப்பிக்கும் வழியாக ஆக்கியபோது அது ஏழைகளுக்கான மலிவுச் சரக்கானது. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பின்னால் நம் கதையிலும் வரும்.

திண்ணையில் நமக்கு இடம் இருந்ததா?

மெட்ராஸ் கவர்னர் தாமஸ் மன்றோ 1822-இல் மாகாணம் முழுவதும் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொன்னார். 1826-இல் அவர் எழுதிய குறிப்பின்படி 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். வகுத்துப் பார்த்தால் ஒரு பள்ளிக்குச் சராசரியாகப் பதினைந்து பேர். பதினைந்து பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்றால் வயது கலந்துதான் உட்கார முடியும். இந்த மொத்தத்தில் பெண் குழந்தைகள் வெறும் 4,540 பேர்.

காந்தியவாதியான தரம்பால் 1983-இல் இந்த ஆவணங்களைத் தொகுத்து 'அழகிய மரம்' என்ற பொருள்படும் தலைப்பில் நூலாக வெளியிட்டார். வெள்ளையர் வருவதற்கு முன்பே நம்மிடம் பரவலான கல்வி இருந்தது, சூத்திரர்களும் பிற சாதியினரும் பெருமளவில் படித்தார்கள் என்பது அவருடைய வாதம். தமிழ் மாவட்டங்களின் எண்களில் சூத்திரப் பிள்ளைகள் அதிகமாக இருந்தது உண்மை. ஆனால் அந்தக் கணக்கெடுப்பில் பிராமணர், வைசியர், சூத்திரர், பிற சாதியினர், முஸ்லிம்கள் என்றுதான் பிரிவுகள். சேரிப் பிள்ளைகளுக்குத் தனி இடம் இல்லை. 'பிற சாதியினர்' என்ற பையைக் காட்டி, எல்லோரும் படித்தார்கள் என்று சொல்வதை நாம் அப்படியே விழுங்க முடியாது. மரம் அழகானதாக இருந்திருக்கலாம், அதன் நிழல் சேரி வரை நீண்டதா என்பதே நம் கேள்வி.

திண்ணையில் என்ன கற்றுக்கொடுத்தார்கள் என்பதையும் பாருங்கள். எண்சுவடி வெறும் கூட்டல் கழித்தல் அல்ல. நிலத்தையும் நெல்லையும் அளக்கிற கணக்கு அது. இருபதில் ஒரு பங்கு மா, எண்பதில் ஒரு பங்கு காணி, முந்நூற்றிருபதில் ஒரு பங்கு முந்திரி. எட்டுப் படி ஒரு மரக்கால். அறுவடைக் களத்தில் கூலி நெல்லை அளந்தவன் இந்தக் கணக்கைப் படித்தவன். அளந்ததை முந்தானையில் வாங்கியவள் படிக்க அனுமதிக்கப்படாதவள். பண்ணையாள் வீட்டுப் பிள்ளைக்கு முந்திரி வாய்ப்பாடு தெரிந்துவிட்டால் களத்தில் மரக்காலைத் தலைதட்டும் விதத்தைக் கேள்வி கேட்பான். பள்ளிக்கூடத்தில் தீட்டு என்று சொல்லப்பட்டதற்குப் பின்னால் களத்து நெல்லும் இருந்தது.

அதற்காக நம்மவர்கள் எழுத்தறியாதவர்களாகவே கிடந்தார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். சித்த வைத்தியர்கள், வள்ளுவர்கள், சுவடி காத்த குடும்பங்கள் நம்மிடையே இருந்தார்கள். தம் பாட்டனார் கந்தப்பன் ஆரிங்டன் துரையிடம் வேலை பார்த்தபோது திருக்குறள் ஓலைச்சுவடியை எல்லிஸ் கைக்குச் சேர்ப்பித்ததை அயோத்திதாசப் பண்டிதர் பதிவு செய்திருக்கிறார். நம் கல்வி வீட்டுக்குள் அப்பாவிடமிருந்தும் தாத்தாவிடமிருந்தும் வந்தது. ஊர்த் திண்ணையிலிருந்து வரவில்லை.

மூத்தவன் யார் என்பதைச் சாதி சொன்னது

வயது கலந்த வகுப்பின் அச்சாணி ஓர் எளிய நம்பிக்கை: மூத்தது இளையதைப் பார்த்துக்கொள்ளும், இளையது மூத்ததை மதிக்கும். அண்ணன் தம்பி, அக்கா தங்கை உறவை வகுப்புக்குள் கொண்டுவருவது. ஆனால் சாதி ஊரில் இந்த உறவு எல்லோருக்கும் பொதுவானதா?

பால் மணம் மாறாத பண்ணையார் வீட்டுப் பையன் எழுபது வயதுப் பெரியவரை 'ஏய், இங்க வாடா' என்று கூப்பிட்ட ஊர்கள் இவை. அவரும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு 'சாமி' என்று நின்றார். வயதுக்கு மரியாதை தமிழ்ப் பண்பாடு என்று மேடையில் பேசுவார்கள். அந்த மரியாதை சேரியின் எல்லையோடு நின்றுவிட்டது. அப்படியென்றால் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குள் நம் வீட்டுப் பிள்ளை நுழைந்தபோது என்ன ஆகியிருக்கும்? பத்து வயதுச் சேரிப் பையன் ஆறு வயது ஊர்ப் பிள்ளைக்குச் சட்டாம்பிள்ளை ஆக முடியாது. ஆறு வயதுச் சேரிக் குழந்தைக்குப் பத்து வயது ஊர்ப் பையன் அண்ணனாக மாட்டான், காவலாளி ஆவான். எங்கே உட்காருகிறது, எந்தப் பானையைத் தொடுகிறது, யார் பலகையை உரசுகிறது என்று பார்ப்பது அவன் வேலை. ஆசிரியர் வாயால் சொல்ல வேண்டிய அவசியம்கூட இல்லை.

இரட்டைமலை சீனிவாசன் 1939-இல் வெளியிட்ட தம் ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில் கோயம்புத்தூரில் படித்த நாட்களைச் சொல்கிறார். அங்கே சுமார் நானூறு மாணவர்களில் பத்துப் பேர் தவிர எல்லோரும் பிராமணர்கள். நெருங்கிப் பழகினால் தம் சாதி தெரிந்துவிடும் என்ற அச்சத்தில் அவர் யாரோடும் சேரவில்லை. வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துவிட்டு, வகுப்பு தொடங்க மணி அடித்த பிறகே உள்ளே போவார். வகுப்பு முடிந்ததும் வேகமாக வீட்டுக்கு நடப்பார். விளையாட முடியாதது அவருக்குக் கொடுமையாக இருந்தது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். ஆசிரியர் பாடம் நடத்தும் நேரத்தைவிட, மாணவர்கள் மட்டும் தனியாக இருக்கும் நேரத்துக்கே அவர் அதிகம் அஞ்சினார். சக மாணவர் கற்றல் என்று நாம் இன்று கொண்டாடுவது நடக்கிற நேரம் அதுதான். சாதியும் அதே நேரத்தில்தான் கற்பிக்கப்படுகிறது.

சேரிக்கு வந்த ஓராசிரியர் பள்ளி

1890-களில் காட்சி மாறத் தொடங்கியது. செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்ஹீர் பறையர் மக்களின் நிலைமை பற்றி எழுதிய அறிக்கையைப் பஞ்சமி நிலப் போராட்டத்தின் வழியாக நீங்கள் அறிவீர்கள். அந்த விவாதத்தின் தொடர்ச்சியாக 1893-இல் பஞ்சமர் கல்விக்கான தனிச் சலுகைகளை அரசு அறிவித்தது. 1894-இல் கர்னல் ஆல்காட் அடையாறில் முதல் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் திறந்தார். பிறகு கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர் என்று மேலும் பள்ளிகள் வந்தன. மயிலாப்பூர்ப் பள்ளிக்குத் திருவள்ளுவர் பெயர். மிஷன் பள்ளிகள் ஏற்கெனவே பல சேரிகளில் இருந்தன. 1920-க்குப் பிறகு தொழிலாளர் துறை தனியாகப் பள்ளிகள் நடத்தியது. அவையே பின்னர் அரிசன நலப் பள்ளிகளாகி, இன்று ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளாக இருக்கின்றன.

இந்தப் பள்ளிகள் பெரும்பாலும் ஒரு கூரை, ஓர் ஆசிரியர் என்ற அளவில் தொடங்கின. இங்கேயும் வயது கலந்துதான் உட்கார்ந்தார்கள். ஆனால் திண்ணைக்கும் இதற்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. திண்ணையில் சின்னவனுக்கு முன்னால் எண்சுவடி முடித்த பெரியவன் இருந்தான். சேரிப் பள்ளியில் ஐந்து வயதுப் பிள்ளையும் முதல் வகுப்பு, பக்கத்தில் இருந்த பதினோரு வயதுப் பிள்ளையும் முதல் வகுப்பு. இருவருக்கும் அன்றுதான் 'அ'. எட்டிப் பிடிக்க ஓர் அண்ணன் இல்லை, கேட்டுப் பழக வீட்டில் படித்தவர் இல்லை. பக்கத்துப் பெரிய பிள்ளைக்கும் நடவு, அறுப்பு, மாடு மேய்ப்பு என்று அழைப்பு வந்துவிடும். அவன் போனதும் சின்னதும் பின்னாலேயே போகும்.

அரசு மானியம் கொடுத்த விதமும் சின்னப் பிள்ளைக்கு எதிராக இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மெட்ராஸ் மாகாணத்தில் தேர்வு முடிவைப் பார்த்து மானியம் தரும் முறை இருந்தது. பரிசோதகர் வரும் நாளில் எத்தனை பிள்ளைகள் தேறுகிறார்களோ அதற்குத் தக்கபடி பணம். ஓராசிரியர் யாரிடம் நேரம் செலவிடுவார்? தேறக்கூடிய பெரிய பிள்ளைகளிடம்தான். மணலில் கோடு கிழித்துக்கொண்டிருந்த கடைசிக் குழந்தையால் ஆசிரியருக்கு வருமானம் இல்லை.

இதன் விளைவை 1929-இல் வெளிவந்த ஹார்டாக் குழு அறிக்கை எண்ணில் காட்டியது. பிரிட்டிஷ் இந்தியாவில் 1922-23-இல் முதல் வகுப்பில் இருந்த ஒவ்வொரு 100 பேருக்கும் 1925-26-இல் நான்காம் வகுப்பில் இருந்தவர்கள் 18 பேர்தான். பாதியில் நிற்பதை 'விரயம்' என்றும், ஒரே வகுப்பில் ஆண்டுக்கணக்கில் கிடப்பதைத் 'தேக்கம்' என்றும் அந்த அறிக்கை அழைத்தது. ஓராசிரியர் பள்ளிகளையும் ஒரு காரணமாகக் குறிப்பிட்டது. இது எல்லாச் சாதிக்கும் சேர்ந்த கணக்கு. நம் தெருவில் நிலைமை இதைவிட நன்றாக இருந்திருக்க வழியில்லை. 'தேக்கம்' என்ற சொல்லை வகுப்பறையாகக் கற்பனை செய்து பாருங்கள்: முதல் வகுப்பில் ஐந்து வயதும் ஏழு வயதும் ஒன்பது வயதும் சேர்ந்து குவிந்து கிடக்கும். அங்கே வயது கலந்தது கல்வி முறையால் அல்ல, தோல்வியால்.

அந்தக் குவியலில் பெயரே பதிவாகாத ஒரு குழந்தையும் இருந்தது. கூலிக்குப் போகும் அம்மா கைக்குழந்தையை மூத்த மகளிடம் விட்டுப் போவார். அவள் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கு வருவாள். நான் படித்த பள்ளியில்கூட இப்படி இரண்டு மூன்று அக்காக்கள் இருந்தார்கள். தம்பி அழுதால் அவர்கள் வெளியே போக வேண்டும். தம்பி சீக்கிரம் பேசப் பழகி 'அ, ஆ' ஒப்பிப்பான், அக்கா அதே வகுப்பில் தங்கிவிடுவாள். வகுப்பிலேயே மிகச் சின்னவனுக்குக் கிடைத்த அந்த இலவசப் படிப்புக்கு விலை கொடுத்தது ஒரு பெண் குழந்தை. பால்வாடிகள் நம் தெருவுக்கு வந்ததைக் கல்வி வரலாற்றில் எழுத வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம். அவை தம்பிகளைப் பார்த்துக்கொண்டது மட்டுமல்ல, அக்காக்களை வகுப்பில் உட்காரவைத்தன.

சின்னப் பிள்ளைகளை நினைத்த நம் தலைவர்கள்

எம்.சி. ராஜா என்றால் சட்டமன்றம், 'ஆதிதிராவிடர்' பெயர் மாற்றத் தீர்மானம், பூனா ஒப்பந்தக் காலத்து அரசியல் ஆகியவைதான் நினைவுக்கு வரும். அவர் தொழிலால் பள்ளி ஆசிரியர், பாடநூல் ஆசிரியர் என்பது பலருக்குத் தெரியாது. ஆர். ரங்கநாயகி அம்மாளுடன் சேர்ந்து 'கிண்டர்கார்டன் ரூம்' என்ற பெயரில் சின்னஞ்சிறு குழந்தைகளுக்கான பாட்டுகளும் விளையாட்டுகளும் கொண்ட நூலை அவர் உருவாக்கினார். பட்டியல் மக்களின் அரசியல் பிரதிநிதி ஒருவர் உட்கார்ந்து மழலைப் பாட்டுப் புத்தகம் தயாரித்திருக்கிறார் என்றால், அவர் வகுப்பறையின் எந்த மூலையைப் பார்த்திருக்கிறார் என்று புரிகிறதா? ஐந்து வயதில் பள்ளி பிடித்துப்போன பிள்ளைதான் பத்து வயதில் அங்கே இருக்கும். இதை அந்த ஆசிரியர் அறிந்திருந்தார்.

சுவாமி சகஜானந்தர் 1916-இல் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். நந்தன் உள்ளே போக முடியாமல் நின்றதாகக் கதை சொல்லப்படும் அதே ஊரில், நந்தன் பெயரில் ஒரு கல்விக்கூடம். அங்கே சின்னப் பிள்ளைக்கு முன்னால் தன் சாதியைச் சேர்ந்த, படித்துத் தேறிய அண்ணன்கள் இருந்தார்கள். மற்ற சேரிப் பள்ளிகளில் இல்லாத அந்த ஒன்றை நம்மவர் நடத்திய பள்ளி கொடுத்தது.

இன்றைய பாய்

1953-இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி நேரத்தை மூன்று மணி நேரமாகக் குறைத்தது, மீதி நேரம் அப்பன் தொழிலைக் கற்கச் சொன்னது. குலக்கல்வி என்று பெயர் பெற்று, எதிர்ப்பில் 1954-இல் வீழ்ந்தது. இருக்கும் ஆசிரியரைக் கொண்டே இரண்டு மடங்குப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தலாம் என்பதும் அன்று சொல்லப்பட்ட நியாயங்களில் ஒன்று. பெல் காலத்து லண்டனின் அதே சிக்கனம்தான்.

2003-க்குப் பிறகு சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-08-இல் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றல் வேறு திசையில் போனது. ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளி கிராமங்களில் செய்த முயற்சியிலிருந்து பிறந்தது அது. ஒன்று முதல் நான்கு வரையான வகுப்புப் பிள்ளைகள் பாயில் கலந்து உட்கார்ந்தார்கள். அட்டையும் ஏணிப்படியும் வைத்து அவரவர் வேகத்தில் படித்தார்கள். ஆசிரியரும் தரையில் உட்கார்ந்தார். சுவரின் கீழ்ப்பகுதியில் குழந்தைகள் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை வந்தது. அதன் குறைகள் பற்றி ஆசிரியர்கள் நியாயமாகவே பேசினார்கள். ஆனாலும் மிகச் சின்னப் பிள்ளையின் உயரத்துக்குப் பலகையை இறக்கியது சின்ன விஷயமல்ல. 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரிக்கிறது. திண்ணையின் பழைய எண்ணம் அரசாணையாகத் திரும்பி வந்திருக்கிறது.

சட்டத்தையும் பாருங்கள். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி, அறுபது பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் போதும். ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர். ஆக, சட்டத்தை முழுதாக மதிக்கும் பள்ளியிலும் நம் குழந்தை வயது கலந்துதான் உட்காரும். அதே சட்டத்தின் நான்காம் பிரிவு, பள்ளிக்கே வராத பெரிய பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துத் தனிப் பயிற்சி கொடுக்கச் சொல்கிறது. பதினோரு வயதுப் பிள்ளை முதல் வகுப்பில் கூசிக் கிடந்த நூறாண்டுக் கதைக்கு எதிரான பிரிவு இது. நம் ஊரில் அது நடக்கிறதா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

நாம் கேட்க வேண்டியவை

தோழர்களே, வயது கலந்த வகுப்பு நல்லதா கெட்டதா என்று பட்டிமன்றம் நடத்த வேண்டியதில்லை. உங்கள் தெருப் பள்ளிக்குப் போய்ச் சில கேள்விகளைக் கேளுங்கள். எத்தனை பிள்ளைகள், எத்தனை ஆசிரியர்கள்? ஒருவர் அலுவலக வேலையாகப் போகும் நாளில் ஒன்றாம் வகுப்பைப் பார்ப்பது யார்? பெரிய பிள்ளை என்றால், அந்தப் பிள்ளையின் பாடத்தை யார் நடத்துகிறார்கள்? கூட்டுவதற்கும் தண்ணீர் தூக்குவதற்கும் எந்தத் தெருப் பிள்ளைகளின் பெயர் அழைக்கப்படுகிறது? வகுப்புத் தலைவனாக நம் பிள்ளை எப்போதாவது நின்றிருக்கிறதா? பதில்களைத் தேதி போட்டு எழுதி, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வையுங்கள். அந்தக் குழுவில் பெற்றோருக்கு இடம் இருக்கிறது.

நம் படிப்பகத்திலும் இதே கேள்விகள் உண்டு. எட்டாம் வகுப்பு அக்காவிடம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையை ஒப்படைக்கிறோம். கையில் பிரம்பைக் கொடுத்து ஒப்படைத்தால் நாமும் ஒரு சட்டாம்பிள்ளையைத்தான் உருவாக்குகிறோம். பிரம்பு வேண்டாம், கதைப் புத்தகம் கொடுங்கள். அரை மணி நேரம் அவள் சொல்லிக்கொடுக்கட்டும், மீதி நேரம் அவளுக்குப் பாடம் நடத்த ஒரு கல்லூரித் தோழர் பக்கத்தில் இருக்கட்டும். எப்போதும் பெண் பிள்ளைகளையே சின்னதுகளைப் பார்க்கச் சொல்லாதீர்கள், பையன்களும் தூக்கி வைத்துக்கொள்ளட்டும். முதல் வரிசையைச் சின்னப் பிள்ளைகளுக்கு விடுங்கள்.

இக்கேரியில் அந்த நான்கு பையன்கள் சொன்னதை நினைவில் வையுங்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் மறந்துவிட முடியாது. நம் தெருவில் படித்து முன்னேறிய ஒவ்வொருவரும் வாரத்தில் ஒரு மாலையாவது அந்தப் பாயில் வந்து உட்கார்ந்தால், 'அ' எழுதும் குழந்தைக்கு முன்னால் எட்டிப் பிடிக்க ஒரு அண்ணனோ அக்காவோ இருப்பார்கள். நூறு ஆண்டுகளுக்கு முன் சேரிப் பள்ளியில் இல்லாமல் போனது அதுதான். இன்று அது நம்மிடம் இருக்கிறது.